நாசிக் ஒயின் தோட்டங்களுக்கு ஒரு நாள் பயணம்: முதலில் சாப்பாட்டைத் திட்டமிடுங்கள்

மும்பையிலிருந்து நாசிக் ஒயினரிகளுக்கு ஒரே நாளில் போய்விட்டு வர முடியுமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் எத்தனை ஒயினரி பார்க்கலாம் என்ற கணக்கில் ஆரம்பித்தால் சாயங்காலம் தலைவலியோடுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும். காலையில் எங்கே சாப்பிடப் போகிறோம், மத்தியானம் எங்கே உட்காரப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவிலும் பின்னாலும் ஒயினரிகளைச் செருகிப் பாருங்கள். நாள் எவ்வளவு நன்றாக விரிகிறது என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் பிப்ரவரியில் போனோம். நான், என் கணவர், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா. அப்பாவுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், வாழ்நாள் முழுக்கத் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே நின்றவர், குடிப் பழக்கம் அறவே கிடையாது. அவரை ஒயினரிக்குக் கூட்டிப் போகலாமா என்று முதலில் எனக்கே தயக்கம் இருந்தது. போன பிறகு பார்த்தால், அந்த நாளை எங்கள் மூன்று பேரில் அதிகமாக அனுபவித்தவர் அவர்தான்.

போக்குவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒயினரிக்குச் சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், கசாரா மலைப்பாதையில் லாரிகளுக்கு நடுவே இறங்கிவரும்போது ஓட்டுபவருக்கு முழு நிதானம் வேண்டும். நாங்கள் ஷிர்டி போகும் வந்தே பாரத்தில் விடியும் முன் தாதரில் ஏறினோம். ஒன்பது மணி வாக்கில் நாசிக் ரோடு. அதே ரயில் சாயங்காலம் ஏழரை மணிக்கு முன்பாக நாசிக் ரோடுக்குத் திரும்பி வந்துவிடும், ஆகவே கையில் முழுதாக ஒரு பகல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் அது ஓடாது. பஞ்சவடி எக்ஸ்பிரஸ் என்று பலரும் சொல்வார்கள், ஆனால் அது காலையில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு வேலைக்கு வருபவர்களின் வண்டி, நமக்கு நேர் எதிர்த் திசை. போகும் வழியில் கசாராவுக்கும் இகத்புரிக்கும் நடுவே உள்ள தல் காட் ஏற்றத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். மற்ற பெரும்பாலான ரயில்களுக்கு அங்கே பின்னாலிருந்து தள்ள கூடுதல் எஞ்சின் போடுவார்கள், இந்த வண்டி தானாகவே ஏறிவிடுகிறது.

நாசிக் ரோடு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. நாங்கள் போன ஒயினரிகள் ஊரின் மறுபக்கம், கங்காபூர் அணைப் பக்கம். அதனால் ஸ்டேஷனிலிருந்தே நாள் முழுக்க ஒரு டாக்சி பேசிவிடுவது நல்லது. ஆப்பில் வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், தோட்டத்து வாசலில் திரும்பும் வண்டிக்காக மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். எங்கள் டிரைவர் நாசிக்காரர், நடுவயது. வண்டியில் ஏறியதும் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பாவு, நீங்க காலைல எங்க மிசல் சாப்பிடுவீங்க?" என்பதுதான் (பாவு என்றால் மராத்தியில் அண்ணன்). மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கிருந்து சாயங்காலம் வரை அவர் எங்களில் ஒருவராகத்தான் இருந்தார்.

நாசிக்கில் மிசல் ஒரு பெரிய விஷயம். முளைகட்டிய நரிப்பயறு, மேலே மிக்சர் போன்ற பர்சாண், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, பக்கத்தில் தனியாகச் செக்கச்செவேல் என்று எண்ணெய் மிதக்கும் தரி என்ற காரக் குழம்பு. அப்பளம், தயிர், பாவ் எல்லாம் சேர்ந்து ஒரு தட்டு. கங்காபூர் சாலைப் பக்கம் விறகடுப்பில் வைக்கும் மிசல் கடைகள் இருக்கின்றன, வயல்வெளி மாதிரித் திறந்த இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தப் புகை வாசனை குழம்பிலேயே ஏறியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: தரியை அள்ளி அள்ளி ஊற்றிக்கொள்ளாதீர்கள். நாக்கு காரத்தில் மரத்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எந்த ஒயினைக் கொடுத்தாலும் தண்ணீர் போலத்தான் இருக்கும். தரியைக் கிண்ணத்தில் தனியாக வாங்கிக் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் தயிரைச் சாப்பிட்டு, ஜிலேபி இருந்தால் அதையும் ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முதல் டேஸ்டிங்குக்கும் (ஒயினை ருசி பார்ப்பதற்கும்) நடுவே ஒன்றரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றோடு டேஸ்டிங் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் சூலா என்ற ஒயினரிக்குப் போனோம். கூட்டம் அதிகம், பிரபலம் அதிகம், அதனால் சிலர் அதை ஒதுக்கிவிட்டுச் சின்ன இடமாகத் தேடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் சூலாவைப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம், ஏனென்றால் நாசிக்கின் ஒயின் கதை பெருமளவு அங்கிருந்துதான் கிளம்பியது. தொண்ணூறுகளில் இந்தப் பகுதியில் பெரும்பாலும் சாப்பிடும் திராட்சைதான். அமெரிக்காவில் படித்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சமந்த், தன் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை வைத்து, 2000-ல் முதல் ஒயினை வெளியிட்டார். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கென்று கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகை கொடுத்தது, அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் முளைத்தன. 2005-ல் சூலா தன் டேஸ்டிங் அறையைத் திறந்தது. இன்றைக்கு நாம் போய் நின்று ருசி பார்க்கும் இந்தப் பழக்கமே நம் நாட்டில் அந்த வயதுதான்.

வார நாளில் போங்கள். சனி, ஞாயிறில் மும்பையும் புனேவும் மொத்தமாக அங்கே வந்து இறங்கிவிடும், வழிகாட்டி சொல்வது காதில் விழாது, எதையும் நின்று கேட்க முடியாது. நாங்கள் போனது புதன்கிழமை. தோட்டத்தைச் சுற்றிக்காட்டிய இளைஞரிடம் அப்பா கேட்ட கேள்விகளுக்கு அவர் பொறுமையாக நின்று பதில் சொன்னார், அவருக்கும் அது பிடித்திருந்தது.

கொடிகளைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். "என்ன பாப்பா, இவ்ளோ தாழ கட்டியிருக்காங்க, பந்தலே இல்லையே?" என்றார். கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டு, கொடியை மேலே ஏற்றிப் படரவிடுவார்கள், கொத்துகள் தலைக்கு மேல் தொங்கும். இங்கே வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, தளிர்களை நேராக நிமிர்த்தி விட்டிருந்தார்கள், கொத்துகள் இடுப்புக்குக் கீழேதான். வழிகாட்டி விளக்கினார்: பந்தலில் விளைச்சல் அதிகம், பழத்துக்கு நிழலும் கிடைக்கும், சாப்பிடும் திராட்சைக்கு அது பொருத்தம். ஒயினுக்கு வேண்டியது வேறு. பழம் சின்னதாக இருக்க வேண்டும், தோல் தடிப்பாக இருக்க வேண்டும், இலையில் வெயில் நன்றாகப் பட்டுச் சர்க்கரை ஏற வேண்டும், கொத்துக்கு நடுவே காற்று புகுந்து பூஞ்சை வராமல் இருக்க வேண்டும். அதற்காக விளைச்சலை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். காய்ப்பைக் குறைக்க ஒருவன் சம்மதிப்பானா என்பது அப்பாவுக்கு ஜீரணமாகவே இல்லை. ஒரு பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்தார்கள். சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிது, உள்ளே விதை, தோலைக் கடித்தால் துவர்ப்பு, ஆனால் சாறு தேன் மாதிரி. கடைத் திராட்சையை விட இது இனிப்பு என்று நிறையப் பேருக்குத் தெரியாது.

கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது பற்றி அவர்கள் பேசிக்கொண்டதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிய பாடம். நம் பகுதியில் கொடி குளிருக்குத் தூங்குவதே இல்லை, கவாத்து செய்தால் மறுபடி துளிர்த்துவிடும். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையில் இருக்கும். நாசிக்கில் வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஆனால் ஒரே அறுவடை. ஏப்ரலில் ஒன்று, வெயில் காலத்தில் கிளையை வளர்த்து மொட்டை உருவாக்க மட்டும். மழை முடிந்து செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொன்று, அதில்தான் காய்ப்பு. பழம் ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கும், பகலில் வெயில், ராத்திரியில் குளிர், மழை கிடையாது. அந்த ராத்திரிக் குளிர்தான் பழத்தில் புளிப்பைத் தக்கவைக்கிறது, புளிப்பு இல்லாத ஒயின் பாயசம் மாதிரித் திகட்டிவிடும். ஐரோப்பாவில் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும் அறுவடை இங்கே மாசி மாதத்தில் நடப்பதற்கு இதுதான் காரணம். நாசிக் ஒயினுக்குப் புவிசார் குறியீடு உண்டு, கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் கிடைத்தது. அதைச் சொன்னபோது வழிகாட்டி அப்பாவுக்குக் கை கொடுத்தார்.

ஆலைக்குள் போனால் முதலில் மூக்கில் ஏறுவது புளித்த மாவு போன்ற ஈஸ்ட் வாடை. அறுவடைக் காலத்தில் மட்டும்தான் இது கிடைக்கும், மற்ற மாதங்களில் வெறும் ஸ்டீல் டேங்குகளைத்தான் பார்க்க முடியும். அனுமதி வாங்கிக்கொண்டு அப்பா இரண்டு டேங்குகளைத் தொட்டுப் பார்த்தார். வெள்ளை ஒயின் டேங்க் வியர்த்து ஜில்லென்று இருந்தது, சிவப்பு ஒயின் டேங்கில் இளஞ்சூடு. வெள்ளைக்குப் பழத்தைப் பிழிந்ததும் தோலை நீக்கிவிட்டு, சாற்றை மட்டும் குளிரில் மெதுவாக நொதிக்க விடுகிறார்கள், சூடேறினால் வாசனை போய்விடும். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க வைக்கிறார்கள், நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் இறங்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் சூடு தேவை. கறுப்புத் திராட்சையின் உள்சதைகூட வெளுப்புதான் என்பதை அங்கே ஒரு பழத்தை நசுக்கிக் காட்டினார்கள். புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதை இந்த இரண்டு டேங்குகளைத் தொட்டால் தெரிந்துகொள்ளலாம், அதனால் டூரைத் தவிர்த்துவிட்டு நேரே டேஸ்டிங்குக்குப் போகாதீர்கள்.

சரி, டேஸ்டிங். ஒரு செட்டில் ஐந்தாறு வகை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் சுமார் 30 மில்லி. பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆறு வகை என்றால் 180 மில்லி. இதே போல இன்னொரு ஒயினரியில் இன்னொரு செட் என்றால் 360 மில்லி, அதாவது ஒரு ஆள் கிட்டத்தட்ட அரை பாட்டில் குடித்ததாகக் கணக்கு, அதுவும் பகல் வெயிலில். இப்போது வெறும் வயிறு ஏன் கூடாது என்று புரியும். நானும் என் கணவரும் ஒரு செட்டைத்தான் பங்கிட்டுக்கொண்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள், அது சும்மா அலங்காரத்துக்கு வைத்ததில்லை, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வகைக்கும் நடுவே ஒரு தம்ளர் தண்ணீர். காலையில் சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், உங்களுக்கு மட்டுமில்லாமல் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து வாசனை கெடும்.

அப்பா குடிக்கவில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தார். சாவிஞ்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் கிளாஸை மூக்கருகில் கொண்டுபோய், "பச்சைமிளகாயைக் கிள்ளின வாசம் வருது" என்றார். ஊற்றிக்கொண்டிருந்த பெண் அசந்துபோய், குடைமிளகாய் வாசனை என்றுதான் தாங்கள் பயிற்சியில் படித்ததாகச் சொன்னார். அந்தத் திராட்சையிலும் குடைமிளகாயிலும் இருப்பது ஒரே வகை வாசனைப் பொருள்தான். சமையல் செய்கிறவர்களுக்கும் விவசாயம் செய்கிறவர்களுக்கும் ஒயின் முகர்ந்து பார்க்கத் தனிப் படிப்பு தேவையில்லை. கறிவேப்பிலை, கொய்யா, ஏலக்காய், பழுத்த அன்னாசி, நனைந்த மண் என்று உங்கள் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், மேஜைமேல் வைத்திருக்கும் அட்டையில் உள்ள பழப் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

வேறொரு முறை போனபோது ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) வெள்ளை ஒயினை அறை வெப்பத்திலேயே ஊற்றினார்கள், பாட்டிலும் எப்போதோ திறந்தது போலிருந்தது. அதே ரகத்தைக் குளிர்ந்த நிலையில் அன்று காலையில் குடித்திருந்ததால் வித்தியாசம் உடனே தெரிந்தது, புளிப்பு மழுங்கி வெறும் ஆல்கஹால்தான் முன்னால் வந்து நின்றது. இது எப்போது திறந்த பாட்டில், குளிரவைத்தது இருக்கிறதா என்று கேட்டோம், உள்ளேயிருந்து வேறு பாட்டில் வந்தது. கேட்கலாம், பணம் கொடுத்துத்தான் குடிக்கிறோம்.

மத்தியானச் சாப்பாட்டை ஒயினரி உணவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இடம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பீட்சாவும் பாஸ்தாவும் மும்பையிலேயே கிடைக்கிறது. டிரைவர் பாவு எங்களை ஊரை விட்டுத் தள்ளி ஒரு பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டுப் பெண்களே சமைக்கிறார்கள், முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட வேண்டும். பாக்ரி என்ற கம்பு ரொட்டி, பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பு, தேச்சா என்ற பச்சைமிளகாய்த் துவையல், பரீத் என்ற சுட்ட கத்தரிக்காய் மசியல், வெண்ணெய், பச்சை வெங்காயம். பாக்ரி தட்டும் அம்மா கம்பு மாவை வெந்நீரில் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே சுழற்றிச் சுழற்றி அகலமாக்கி, கல்லில் போட்டதும் மேல்பக்கம் முழுக்க ஒரு கை தண்ணீரைத் தடவினார். அந்தத் தண்ணீர் வற்றியதும் திருப்பி, பிறகு நேரே நெருப்பில் காட்டினால் பூரி மாதிரி உப்புகிறது. மேலே தண்ணீர் தடவாவிட்டால் வெடித்துவிடும் என்று சொன்னார். வெங்காயத்தைக் கத்தியால் வெட்டவில்லை, தரையில் வைத்து முஷ்டியால் ஒரு குத்து. அப்பாவிடம் "பாபா, அஜூன் ஏக்" என்று சொல்லிச் சொல்லி இன்னொரு பாக்ரியைத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார், மொழி தெரியாமலே இருவரும் கம்பு விலையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஹுர்டா கொடுத்தார்கள். முற்றாத சோளக் கதிரை வறட்டித் தணலில் சுட்டு, சூட்டோடு கையால் கசக்கி உதிர்த்த பச்சை மணிகள், கூடவே நிலக்கடலைச் சட்னியும் வெல்லமும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் கிடைக்கும். நாசிக்குக்கு அந்த மாதங்களில் போக இது ஒன்றே போதுமான காரணம்.

தேச்சா மாதிரிக் காரச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்று கேட்டால், லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், நன்றாகக் குளிரவைத்தது. இனிப்பு காரத்தை அடக்கும். ஓக் பீப்பாயில் வைத்த ஷிராஸ் என்ற கனமான சிவப்பு ஒயினை மிளகாயோடு குடித்தால் துவர்ப்பும் எரிச்சலும் சேர்ந்து வாயே பற்றி எரியும், ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும். ஷிராஸ் குடிக்க ஆசை இருந்தால் காளா மசாலா (கறுக்க வறுத்து அரைத்த மசாலா) போட்ட ஆட்டுக்கறியோடு வைத்துக்கொள்ளுங்கள், காரத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் வேப்ப மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கிடந்துவிட்டு, இரண்டாவது ஒயினரிக்குப் போனோம். கங்காபூர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் யார்க். 2021-லிருந்து அதுவும் சூலாவுடையதுதான், ஆனால் அளவில் சின்னது, சத்தம் குறைவு. அங்கே முழு செட் வாங்காமல் ஆளுக்கு ஒரு கிளாஸ் மட்டும் வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம், அப்பாவுக்குத் திராட்சை ஜூஸ். மூன்றாவது ஒன்று வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். இகத்புரிப் பக்கம் வல்லோன், குரோவர் சாம்பா, வடக்கே திண்டோரிப் பக்கம் ஷாந்தோன் எல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலை. ஒரு நாளுக்கு ஒரு மூலை போதும்.

பாட்டில் வாங்குவது பற்றி. மும்பைக் கடைகளில் கிடைக்கும் ரகங்களைச் சுமந்து வர வேண்டியதில்லை, ஆலையில் மட்டும் விற்பது எது என்று கேட்டு அதை மட்டும் பாருங்கள். காரில் போகிறவர்கள் பாட்டிலை டிக்கியில் வைத்துவிட்டு வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஒரு மத்தியானச் சூட்டிலேயே ஒயின் வெந்த வாடை அடிக்கும், கார்க் வெளியே தள்ளும். திருகு மூடி போட்டது மட்டம் என்று நினைக்க வேண்டாம், இளசாகக் குடிக்க வேண்டிய வெள்ளை ஒயினுக்கு அதுதான் பத்திரம். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

தேதி பார்க்கும்போது ஜனவரி 26-ஐத் தவிர்த்துவிடுங்கள், நீண்ட விடுமுறை என்று பலர் அன்றைக்குத்தான் கிளம்புகிறார்கள், ஆனால் அன்று மது விற்பனை கிடையாது. தேர்தல் காலத்திலும் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில் இதே நிலைதான். இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள் வயதுச் சான்று எடுத்துக்கொள்ளட்டும். தொப்பி, தண்ணீர், கரிசல் மண்ணில் நடக்கத் தோதான செருப்பு. கிளம்பும் முன் ஒயினரிக்கு ஒரு போன் போட்டு, இந்த வாரம் அறுவடை நடக்கிறதா, பழ வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்று கேளுங்கள். கூட வருகிறவர்களில் குடிக்காதவர் ஒருவர் இருந்தாலும் சரி, டேஸ்டிங் நேரத்தை விட்டுவிட்டு அந்த வண்டி வரும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.